எத்தினைவயசண்ணையும் நிலுவையில் கிடந்த இரண்டு மீன்களும்

கனடாவுக்கு வந்து சேர்ந்த தமிழர்களின் உண்மையான வயது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் சித்திரகுப்தன். மற்றவர் ஸ்காபரோவில், மோர்னிங்சைட் பக்கத்து பிளாசா ஒன்றில், வளர்ப்பு மீன்கடை வைத்திருந்த எத்தினைவயசண்ணை. சித்திரகுப்தனுக்காவது எப்போதாவது ஒன்றிரண்டு பிசகும். இவருக்குப் பிசகாது.

சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கடைக்குள் யார் கால் வைத்தாலும் "வாங்கோ" என்பதற்கு முன் "எத்தினை வயசு?" என்று கேட்பார். அதுவே பெயராகிவிட்டது. பிளாசாவில் நகம் அலங்காரம் செய்யும் கடை வைத்திருந்த சீனப் பெண்கூட அவரை "மிஸ்டர் எத்தினை" என்றுதான் கூப்பிடுவாள்.

நான் அப்போது பக்கத்து டேக்கவுட்டில் வேலை. சோறு, கறி, இடியப்பம், ரோல்ஸ். எங்கள் கடையில் பொரித்த மீன், அவர் கடையில் நீந்துகிற மீன், நடுவில் ஒரு சுவர். அவர் கடைக்கு மேலே பெரிதாக ஒரு மீன் படம் தொங்கும். நம்முடைய சனம் படத்தைக் கண்டதும் பையோடு உள்ளே போய்விடும்.

"அண்ணை, விளைமீன் இருக்கோ?"

"எத்தினை வயசு?"

"மீனுக்கோ?"

"உமக்கு."

கேட்டவர் பயந்து எங்கள் கடைக்கு ஓடிவந்து இரண்டு ரோல்ஸ் தின்று மனத்தை ஆற்றிக்கொண்டு போவார். அந்த வகையில் எங்கள் வியாபாரத்துக்கு அவர் செய்த உபகாரம் பெரிது.

அந்தக் கடையை அவர் ஒரு போலந்துக் கிழவரிடமிருந்து வாங்கியவர். தொட்டிகள், கூண்டுகள், கிழவரின் உடைந்த கதிரை எல்லாவற்றோடும் சேர்த்து சுவரில் ஒட்டியிருந்த ஒரு ஆங்கில நோட்டீசும் அவருக்கு வந்து சேர்ந்தது. பதினாறு வயதுக்குக் குறைந்தவர்கள் பெற்றோரோ பாதுகாவலரோ இல்லாமல் வந்தால் மீனோ வேறு பிராணியோ விற்கமாட்டோம் என்று அதில் இருந்தது. அது நாட்டுச் சட்டமா, நகரசபைச் சட்டமா, அல்லது அந்தப் போலந்துக் கிழவர் தன் நிம்மதிக்காகத் தானே எழுதி ஒட்டியதா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எத்தினைவயசண்ணைக்கு அது வேதம்.

காரணம் இருந்தது. அவர் ஊரில் இருபத்தெட்டு வருஷம் விதானையார், அதாவது கிராம அலுவலர். அடையாள அட்டை, பிறப்பு, இறப்பு என்று ஒரு கிராமத்தின் வயதெல்லாம் அவர் கைக்குள்ளால்தான் போய்வந்தது. உத்தியோகம் போனாலும் குணம் போகவில்லை. நோட்டீசைத் தன் கையாலேயே தமிழில் எழுதிப் பக்கத்தில் ஒட்டினார்.

"இத்தால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், பதினாறு வயது பூர்த்தியாகாத எவருக்கும், அன்னாரின் தாய் அல்லது தகப்பன் நேரில் சமுகமளித்தாலன்றி, மீன், முயல், கிளி, ஆமை ஆகியன விற்கப்படமாட்டா."

கீழே ஒரு றப்பர் முத்திரை. அதில் பெயரில்லை, முகவரியில்லை, ஒரு மீன் மட்டும் இருந்தது.

முத்திரைக்குத் துணையாக ஒரு நீட்டுக் கொப்பி. மீன் வாங்குகிறவர் பெயர், வாங்கும் பிராணி, அட்டை வயது, மெய் வயது, குறிப்பு என்று கோடு போட்டு வைத்திருந்தார். இதென்ன இரண்டு வயது என்று கேட்கிறவர்கள் நிச்சயமாக விமானத்தில் ஒழுங்காக விசா எடுத்து வந்தவர்கள். எங்களைக் கொண்டுவந்தது ஏஜென்சி, காசு வாங்கிக்கொண்டு ஆள் அனுப்புகிறவன். யாருடைய பாஸ்போர்ட்டில் முகம் கொஞ்சம் ஒத்துப்போகிறதோ அதைக் கையில் தந்து, அதிலிருந்த வயதைப் பாடமாக்கச் சொல்லிவிடுவான். விமான நிலையத்தில் பயத்தில் அதையே ஒப்புவிப்போம். அது அப்படியே அட்டையில் ஏறிவிடும். தம்பியைவிட இரண்டு வயது இளைய அண்ணன்மார் ஸ்காபரோவில் இருக்கிறார்கள். தாய்க்கும் மகனுக்கும் ஒன்பதே வயது வித்தியாசம் உள்ள குடும்பம் ஒன்று எங்கள் கட்டடத்திலேயே இருந்தது.

எனக்கு ஏஜென்சி நாலு வயதைக் கூட்டிவிட்டான். கலியாணம் ஆகாத ஒரு பெண்ணுக்கு நாலு வயதைக் கூட்டுகிற படுபாவி உருப்படுவானா? அந்த நாலு வருஷம் முந்தியே, அடுத்த வருஷம், எனக்கு அரசாங்கப் பென்ஷன் வரப்போகிறது, அது ஒன்றுதான் ஆறுதல். தமிழில் எழுதுவதால் அரசாங்கம் இதை வாசிக்காது என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

ஒருநாள் எங்கள் முதலாளி, கல்லாவுக்குப் பக்கத்தில் சிவப்பு மீன் வைத்தால் சனம் வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு என்னை அனுப்பினார்.

"எத்தினை வயசு?"

"பதினாறு தாண்டீட்டுது அண்ணை. பாக்கத் தெரியேல்லையோ?"

"நான் பாத்துச் சொல்லுற ஆளில்லை. அட்டையைக் காட்டும்."

லைசன்ஸை நீட்டினேன். எழுதினார். பிறகு கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"மெய் வயசு?"

"அதுதான் அண்ணை."

"பொய். உந்த முகத்துக்கு உவ்வளவு வராது. ஏஜென்சி கூட்டிப்போட்டான், என்ன?"

சும்மா சொல்லக்கூடாது, மனம் குளிர்ந்துபோயிற்று. கனடாவுக்கு வந்து அத்தனை வருஷத்தில் ஒருத்தர் என் முகத்தைப் பார்த்துச் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான். ஆனால் அவர் அதோடு விட்டாரா?

"சரி, இந்தியன் ஆமி வரேக்க உமக்குக் கலியாணம் பேசத் தொடங்கீட்டினமோ?"

அதுதான் அவருடைய சூத்திரம். எண்பத்தேழில் இந்தியன் ஆமி வந்தபோது எத்தனையாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு ஸ்கொலசிப் எந்த வருஷம் எடுத்தது, தொண்ணூற்றைந்தில் ஊரே வெளிக்கிட்ட பெரிய இடப்பெயர்வில் கையில் பிள்ளை இருந்ததா, இடுப்பில் இருந்ததா என்று கேட்டுக்கேட்டு விரலை மடக்கி, மாதம் பிசகாமல் வயதைச் சொல்லிவிடுவார். எனக்குப் பின்னால் எங்கள் கடை வாடிக்கையாளர் ஐந்தாறு பேர் வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணை, மீனைத் தாறீங்களோ, இல்லாட்டி நான் போகட்டோ?"

மீனைத் தந்தார். என் பெயருக்கு நேரே மெய் வயது என்ற இடத்தில் "நிலுவையில்" என்று எழுதினார். விதானைமார் பாஷையில், முடிவாகாமல் கிடக்கிறது என்று அர்த்தம். அன்றிலிருந்து நான் தேத்தண்ணி கொண்டுபோகும்போதெல்லாம் "எத்தினை வயசு?" என்பார். "கிடக்கட்டும் நிலுவையில்" என்று கோப்பையை டொக்கென்று வைத்துவிட்டு வருவேன்.

முயல் விற்கிறதென்றால் இன்னும் கஷ்டம். ஒருமுறை அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்து கூண்டிலிருந்த முயலின் முதுகை அமத்திப் பார்த்தார். அமத்திய விதம் அண்ணைக்குப் பிடிக்கவில்லை.

"வளக்கவோ, இல்லாட்டி மிளகு போடவோ?"

"வளக்கத்தான் அண்ணை. சத்தியமா."

"பேரென்ன வைக்கப்போறீர்?"

"முயலுக்கோ? பேரோ?"

"போய் யோசிச்சுப் பேரோட வாரும். பேர் வைச்சதை ஒருத்தரும் சட்டியில போடமாட்டினம்."

மனிதர் கோபித்துக்கொண்டு போனார். அடுத்த கிழமை வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "ராசன்" என்றார். அண்ணை கொப்பியில் எழுதி முயலைக் கொடுத்தார். ராசன் அந்த வீட்டில் சோபாவில் படுத்து வளர்ந்ததை நானே போய்ப் பார்த்தேன். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பார்கள். இவர் விற்ற முயலுக்கு நாலு காலும் ஒரு பேரும் இருந்தன.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த பிளாசாவில் சிரிப்பு நின்றது அந்த 2009ஆம் வருஷம். வன்னியில் யுத்தம் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது. டவுண்டவுணில் சனம் யுத்தத்தை நிறுத்தச் சொல்லிக் குளிருக்குள் தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்தது. நாங்கள் இடியப்பம் அவித்துப் பார்சல் பார்சலாக அனுப்பினோம். அண்ணையும் காலையில் மீனுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு பஸ் எடுத்துப் போவார். அங்கேயும் கோஷம் போட்டதைவிட, பக்கத்தில் நின்ற பிள்ளைகளிடம் "எத்தினை வயசு? தொப்பி எங்க? அம்மா வந்தவவோ?" என்று கேட்டதுதான் கூட என்று போனவர்கள் வந்து சொன்னார்கள்.

பங்குனி மாதம், பனி இன்னும் கரையாத ஒரு பின்னேரம், பள்ளிக்கூடப் பையோடு ஒரு பெண்பிள்ளை அவர் கடைக்குள் வந்தாள். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு அங்கே நின்றேன். தர்சிகா என்று பெயர். பின்னால் இருக்கிற அப்பார்ட்மென்ட்டில் சித்தப்பா வீட்டில் இருக்கிறாள். வந்து சில மாதம்தான். குப்பி மீன் தொட்டிக்கு முன்னால் நெடுநேரம் நின்றாள். ஆண் குப்பிக்கு வால் நிறம் நிறமாக விரியும், பெண் குப்பி சாம்பல் நிறத்தில் சாதுவாகத் திரியும்.

"இதில ஒரு சோடி வேணும்."

"எத்தினை வயசு?"

"பதினைஞ்சு."

அட்டையையும் காட்டினாள். அண்ணை விரலை மடக்கத் தொடங்கினார். ஸ்கொலசிப் எந்த வருஷம் எடுத்தனீர்? அப்ப எங்க இருந்தனீங்கள்? அவள் சொல்லச் சொல்ல எழுதினார். அட்டை வயது பதினைந்து, மெய் வயது பதினாறு. அவளுக்கு ஏஜென்சி ஒன்றைக் குறைத்திருந்தான்.

"அட்டையில பதினைஞ்சு. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாரும்."

"அம்மா வன்னியில."

"அப்பா?"

"அப்பா நான் சின்னனிலயே இல்லை. அம்மா மட்டும்தான். ரெண்டு மாசமா போன் இல்லை."

நான் கோப்பையை மேசையில் வைத்தேன். அண்ணை பேனாவை மூடினார், திறந்தார், மூடினார். "ஏன் பிள்ளை உனக்கு மீன்?" என்று கேட்டார். அவர் யாரையும் நீ என்று சொல்லி நான் கேட்டதில்லை.

"சித்தப்பா வீட்டில எல்லாரும் எந்த நேரமும் ரீவி நியூஸ்தான் பாக்கினம். நானும் அம்மா தெரியிறாவோ எண்டு பாத்துக்கொண்டே இருக்கிறன். எனக்குப் பாக்கிறதுக்கு வேற ஏதாவது வேணும்."

இதைக் கேட்டபிறகு கல்லும் கரைந்து ஒரு தொட்டியையே தூக்கிக் கொடுத்திருக்கும். இந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு சோடி குப்பியை வலையால் அள்ளிச் சின்னத் தொட்டியில் விட்டு, மேசைக்குப் பின்னால் வைத்து, "தர்சிகா. தாய் வரும்வரை நிலுவையில்" என்று எழுதி ஒட்டினார். "விக்கேலாது. ஆனா ஒவ்வொரு நாளும் வந்து சாப்பாடு போடலாம்" என்றார். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அவர் தலையில் தேத்தண்ணியை ஊற்றியிருப்பேன்.

அடுத்தநாள் சித்தப்பா வந்தார். பஸ் ஓட்டுகிறவர், பொறுமையான ஆள். அவருக்கே பொறுமை போயிற்று.

"நான் அவவின்ர கார்டியன் அண்ணை! பேப்பர் இருக்கு. எங்க கையெழுத்து வேணும், சொல்லுங்கோ!"

"நீங்கள் சித்தப்பா. நோட்டீசில சித்தப்பா இல்லை."

"விசரோ உமக்கு? ரெண்டு மீன்!"

"மீன் எண்டாலும் சட்டம் சட்டம்."

சித்தப்பா கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனார். நான் அன்றிலிருந்து தேத்தண்ணியை நிறுத்தினேன். நாலாம் நாள் அவரே எங்கள் கடைக்கு வந்து, வரிசையில் நின்று, தேத்தண்ணி கேட்டார். விட்டேனா?

"அண்ணை, எனக்கும் இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும். அந்தப் போலந்துக்காரன்ர நோட்டீசில பாதுகாவலரும் வரலாம் எண்டு கிடக்கு. தமிழில எழுதேக்க அதை விட்டது நீங்கள். அதோட அவளுக்கு மெய் வயசு பதினாறு எண்டு உங்கட கொப்பியிலேயே கிடக்கு. ஒரு பிள்ளையின்ர கண்ணீரில என்ன அண்ணை விதானை வேலை?"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவர் கோபிக்கவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"தங்கச்சி, பாதுகாவலர் எண்டு நான் என்ர கையால எத்தினை பிள்ளையளுக்கு எழுதியிருக்கிறன் தெரியுமே? தாய் தேப்பன் இல்லாத பிள்ளையளுக்குத்தான் எழுதினனான். இப்ப இந்த நேரத்தில, அவள் பாத்துக்கொண்டு நிக்க, அந்த இடத்தில சித்தப்பாவின்ர பேரை எழுதச் சொல்லுறீரோ? பதினாறு எண்டு மீனைக் குடுத்தா, இனி உனக்குத் தாய் தேவையில்லை எண்டு சொன்ன மாதிரி. அதை நான் சொல்லமாட்டன். தாய் வருவா எண்டுதான் கொப்பியில கிடக்கு. அப்பிடியே கிடக்கட்டும்."

தேத்தண்ணி போட்டேன். சீனி இரண்டு கரண்டி கூடவே போட்டேன்.

தர்சிகா நாள் தவறாமல் வந்தாள். பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸால் இறங்கி நேரே மீன்கடை. அதற்கிடையில் குப்பிச் சோடி தன் வேலையைத் தொடங்கிவிட்டது. முதலில் ஒரு பதினெட்டு குஞ்சு. குப்பி முட்டை போடாது, குஞ்சாகவே போடும், போட்ட கையோடு தாயே தின்றும்விடும். அண்ணை குஞ்சுகளை அவசர அவசரமாக வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு என்னிடம் வந்து, "தாய் தின்னுற கதையை அந்தப் பிள்ளைக்குச் சொல்லிப்போடாதையும்" என்று காதுக்குள் சொன்னார். அவளிடம், குஞ்சுகளுக்கு வகுப்பு வேறு, தாய்க்கு வகுப்பு வேறு என்று சொல்லி வைத்திருந்தார். அடுத்த மாதம் இன்னொரு ஈடு குஞ்சு. தொட்டி இரண்டாகி மூன்றாகியது. எல்லாவற்றிலும் "நிலுவையில்" என்று ஒட்டியிருக்கும். வேறு யாராவது அந்தக் குப்பி வேண்டும் என்று கேட்டால் தொலைந்தார்கள். "உது வழக்கில கிடக்கிற மீன்" என்று துரத்திவிடுவார்.

வைகாசியில் யுத்தம் முடிந்தது. செய்தி வந்த அன்று எங்கள் பிளாசாவில் ஒருத்தரும் ஒன்றும் வாங்கவில்லை. வந்தார்கள், சும்மா நின்றார்கள், போனார்கள். முதலாளி அடுப்பை அணைத்துவிட்டார். அண்ணை மட்டும் வழமையான நேரத்துக்குக் கடையைத் திறந்தார். பின்னேரம் தர்சிகா வந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. மீனுக்குச் சாப்பாடு போட்டாள். அண்ணை, "குஞ்சுகளை எண்ணவேணும், வாரும்" என்றார். இரண்டு பேரும் தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்து எண்ணினார்கள். ஓடித்திரிகிற மீனை எண்ண முடியுமா? முப்பத்தொன்று என்பாள் அவள், இருபத்தொன்பது என்பார் இவர், திரும்ப முதலிலிருந்து. நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அழுதுகொண்டு கேட்டேன். கடை பூட்டும்வரை எண்ணினார்கள்.

பிறகு ஒரு மாதம் போயிற்று. தப்பியவர்களை முகாம்களில் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்றார்கள். பட்டியல் வருகிறது என்றார்கள். எந்தப் பட்டியலிலும் அவள் தாயின் பெயர் இல்லை.

ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை காலை. தர்சிகா தொட்டியடியில் நின்றாள். நான் தேத்தண்ணியோடு உள்ளே போன நேரம், பார்க்கிங் லொட்டுக்குக் குறுக்கால் சித்தப்பா ஓடிவருகிறார். சாரம், பெனியன், ஒரு காலில் செருப்பு, கையில் செல்போன். கார்க்காரர் ஹோர்ன் அடிக்கிறார்கள், மனிதருக்குக் காது கேட்கவில்லை.

"தர்சி! அம்மா! அம்மா கதைக்கிறா!"

ஸ்பீக்கரில் போட்டார். முகாமில் யாரோ ஒருவருடைய போனாம், இரண்டு நிமிஷம்தான் தருவார்களாம். அந்தப் பக்கம் ஒரு பெண்குரல் அழுகிறது. இந்தப் பக்கம் தர்சிகாவுக்கு "அம்மா, அம்மா" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. சித்தப்பா அழுகிறார். நான் அழுகிறேன். ஒருத்தரும் ஒன்றும் கதைக்காமலே ஒரு நிமிஷம் போய்விட்டது. அப்போது எத்தினைவயசண்ணை எட்டி அந்த போனை வாங்கினார்.

"வணக்கம் அம்மா. நான் இஞ்ச மீன்கடை."

அந்தப் பக்கம் அழுகை டக்கென்று நின்றது.

"உங்கட மகள் ரெண்டு குப்பி மீனுக்கு விண்ணப்பிச்சவ. வயசு காணாது. தாயின்ர சம்மதம் வேணும்."

"மீனோ?"

"ஓம், மீன்."

"குடுங்கோ அண்ணை, என்ர பிள்ளை கேட்டதைக் குடுங்கோ."

"போனில சொன்னாக் காணாது அம்மா. நேரில எண்டுதான் நோட்டீசில கிடக்கு. நீங்கள் நேரில வரவேணும்."

சித்தப்பா கையை ஓங்கிவிட்டார். நான் நடுவில் பாய்ந்தேன். அந்த நேரம் போனுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமல் என்று நினைத்தேன். சிரிப்பு.

"வாறன் அண்ணை. கட்டாயம் வாறன். அதுவரைக்கும் வேற ஆருக்கும் குடுத்துப்போடாதேங்கோ."

போன் அறுந்தது.

"கிடைச்சது ரெண்டு நிமிஷம், அதில பாதியை மீன் திண்டுட்டுது! மனுசனே நீர்?" என்று சித்தப்பா கத்தினார். தர்சிகா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா சிரிச்சவ சித்தப்பா. அம்மா சிரிச்சவ" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சித்தப்பா அப்படியே போலந்துக் கிழவரின் உடைந்த கதிரையில் இருந்துவிட்டார்.

நேரில் வருவது என்ன லேசான காரியமா? முகாமிலிருந்து வெளியே வர ஒரு காலம், இங்கே கூப்பிடப் பேப்பர் போட ஒரு காலம், போட்ட பேப்பர் திரும்பிவர ஒரு காலம். ஆறு வருஷம் போயிற்று. குப்பியின் ஆயுளே இரண்டு வருஷம். விண்ணப்பித்த சோடி எப்போதோ போய்ச் சேர்ந்து, பேரன் பூட்டன் காலமும் வந்துவிட்டது. தர்சிகா பள்ளிக்கூடம் முடித்து, யூனிவர்சிட்டி முடித்து, வேலைக்குப் போய், கார் ஓட்டத் தொடங்கிவிட்டாள். அப்போதும் கிழமைக்கு இரண்டு தரம் வந்து மீனுக்குச் சாப்பாடு போடுவாள். அண்ணைக்கே மனம் இளகி, "இப்ப உமக்கு எந்த அட்டையிலயும் வயசு காணும், கொண்டு போமன்" என்றார்.

"ஏலாது அங்கிள். விண்ணப்பம் நிலுவையில" என்றாள் அவள்.

மாசி மாதம், மூக்கு விறைக்கிற குளிர். நான் வாசலில் பனி உருக உப்புத் தூவிக்கொண்டிருந்தேன். தர்சிகாவின் கார் வந்து நின்றது. பின் சீற்றில் இரண்டு சூட்கேஸ். அவளோடு இறங்கியவருக்கு மேல்கோட் இரண்டு மடங்கு பெரிது, காலில் அவளுடைய பழைய பூட்ஸ். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நான் உப்பு வாளியை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன்.

அண்ணை குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். கதவு மணி கேட்டதும் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"எத்தினை வயசு?"

"நேரில வரச்சொன்னனீங்கள் அண்ணை. வந்திட்டன்."

அந்தக் குரலை அவர் ஆறு வருஷத்துக்கு முன் ஒரே ஒரு நிமிஷம் கேட்டவர். பேனா விழுந்தது. எழுந்து நின்றார். எந்த வாடிக்கையாளருக்கும் அவர் கதிரையை விட்டு எழுந்ததை நான் கண்டதில்லை.

கொப்பியின் பழைய பக்கத்தைத் தேடி எடுத்தார். விழுந்த பேனாவைப் பொறுக்கினார், மூடினார். திறந்தார், மறுபடி மூடினார். கொப்பியை என் பக்கம் தள்ளி, "தங்கச்சி, நீர் எழுதும்" என்றார். "தாய் நேரில் சமுகமளித்தார்" என்று நான் எழுதினேன். அவர் மீன் முத்திரையைக் குத்தினார். பிறகு வலையை எடுத்துக்கொண்டு போய், நாலு தொட்டியில் நூற்றுக்கணக்கில் நீந்திய குப்பிகளில் ஒரு சோடியை மட்டும் அள்ளினார்.

"மிச்சம், அங்கிள்?"

"விண்ணப்பம் ரெண்டுக்குத்தான். மிச்சத்துக்குப் புதுசாப் போடும்."

வெளியே குளிர். தண்ணீர்ப் பையைத் தாய் வாங்கித் தன் பெரிய மேல்கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்துப் பொத்தானைப் பூட்டினார். தாயும் மகளும் காரில் ஏறிப் போனார்கள். அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றித் துடைத்தார்.

கொப்பி மேசையில் திறந்தே கிடந்தது. நான் பக்கங்களைத் தட்டி என் பெயரைத் தேடினேன். அட்டை வயதுக்குப் பக்கத்தில், நிலுவையில் என்று அப்படியே கிடந்தது. பேனாவை எடுத்து அதை வெட்டிவிட்டு, மீன் வாங்கிய அன்றைக்கு இருந்த என் மெய் வயதை எழுதினேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றார்.

"பிறகேன் அண்ணை ஒவ்வொரு நாளும் கேட்டனீங்கள்?"

"கேக்காட்டி நீர் தேத்தண்ணியை வைச்சிட்டு ஒரு சொல்லும் கதையாமல் போயிடுவீரே" என்றார்.

போன மாரியில் அவர் போய்ச் சேர்ந்தார். அந்தக் கடையில் இப்போது செல்போன் விற்கிறார்கள். யார் போனாலும் "ஹலோ" என்று சிரிக்கிறார்கள், ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. வயதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வரும். ஆனாலும் அண்ணை, நீங்கள் ஒருக்காக் கேளுங்கோவன். உடனே சொல்லுறன்.